இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளாதபோது: வணிக மென்பொருள் இணைப்பில் நடக்கும் தவறுகள்

ராயபுரம் ரயில் நிலையத்தைத் தெரியாத வட சென்னைக்காரர் இருக்க முடியாது. 1856-ல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடு பக்கம் கிளம்பியது. அது அகலப் பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே 1,676 மில்லிமீட்டர். பிறகு தெற்கே போட்ட பல பாதைகள் மீட்டர் பாதைகள், 1,000 மில்லிமீட்டர்தான். ஒரு பாதையில் ஓடும் வண்டி அடுத்ததில் ஓடாது. ஆகவே இரண்டும் சந்திக்கிற நிலையத்தில் மூட்டைகளை இறக்கி, ஆள் வைத்துச் சுமந்து, அடுத்த வண்டியில் ஏற்ற வேண்டும். மூட்டை கிழிவதும் எண்ணிக்கை குறைவதும் இப்படி இறக்கி ஏற்றுகிற இடத்தில்தான்.

வணிக மென்பொருளை இன்னொரு அமைப்போடு இணைக்கும்போதும் இதே கதைதான். ஒரு நிறுவனத்தின் கொள்முதல், இருப்பு, விற்பனை, கணக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்வதற்காக வந்தவை இஆர்பி என்கிற மென்பொருள்கள். பெரிய நிறுவனங்களில் சாப், ஆரக்கிள். சின்னக் கம்பெனிகளில் டாலியும் நாலைந்து எக்செல் தாள்களும். கம்பெனிக்குள் இருக்கும் வரை எதுவும் பெரிய தொல்லை தராது. வெளியே இருக்கிற வங்கி, வரித்துறை, சுங்கத்துறை, கப்பல் கம்பெனி என்று கைகோக்கும்போதுதான் தலைவலி ஆரம்பம்.

இதற்குப் பாடப்புத்தக உதாரணம் தேட வேண்டியதில்லை. ராயபுரத்தை ஒட்டியே இருக்கிறது சென்னைத் துறைமுகம். 2017-18-ல் அதன் வழியாகச் சரக்கு அனுப்பிய ஏற்றுமதியாளர்கள் பலர் இந்தப் பாடத்தைப் பணம் கட்டிப் படித்தார்கள்.

நடந்தது என்ன?

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. ஏற்றுமதிக்கு வரி கிடையாது என்பது கொள்கை. ஆனால் நடைமுறையில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, உறுதிப் பத்திரம் கொடுத்துவிட்டு வரி கட்டாமல் அனுப்புவது. மற்றொன்று, ஐஜிஎஸ்டி வரியைக் கட்டிவிட்டு அனுப்பி, கட்டியதைத் திரும்ப வாங்குவது.

இரண்டாவது வழியில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. பணத்தைத் திரும்பக் கேட்டுத் தனி விண்ணப்பம் போட வேண்டாம். சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லையே விண்ணப்பமாக எடுத்துக்கொள்வார்கள் என்று ஜிஎஸ்டி விதி 96 சொன்னது. வரித்துறைக் கணினியில் இருக்கும் இன்வாய்ஸ் விவரமும், சுங்கத்துறைக் கணினியில் இருக்கும் ஷிப்பிங் பில் விவரமும், கப்பல் புறப்பட்டதற்கான பட்டியலும் பொருந்தினால் போதும். பணம் தானாக வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். மனிதர் கையே படாது.

பொருந்தினால்!

பொருந்தாதபோது என்ன நடந்தது என்பதற்கு ஒரு கணக்கு. ஆம்பூரிலிருந்து சென்னை வழியாகக் காலணி அனுப்புகிற ஒரு சின்னக் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கின் மதிப்பு 20 லட்சம் ரூபாய், வரி 18 சதவீதம் என்றால் கட்டியது 3 லட்சத்து 60 ஆயிரம். அந்தப் பணம் முடங்கினால், 12 சதவீத வட்டிக்கு வங்கியில் கடன் வாங்கித் தொழில் நடத்துகிறவருக்கு மாதம் 3,600 ரூபாய் நஷ்டம். இப்படிப் பத்து இன்வாய்ஸ் நின்றால் 36 லட்சம் முடங்கும். மாதம் 36,000 ரூபாய் வட்டிக்கே போகும். தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களின் சம்பளமும் தோல் கொடுத்தவரின் பாக்கியும் அந்த 36 லட்சத்துக்குள்தான் இருக்கின்றன. சரக்கு கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிட்டது. வாங்கியவர் பணமும் அனுப்பிவிட்டார். சொந்த ஊர் அரசிடமிருந்து வர வேண்டிய பணம் மட்டும் வரவில்லை. காரணம் கேட்டால் திரையில் 'எஸ்பி005' என்று ஒரு குறி.

2017 நவம்பரில் சுங்க வாரியமே ஒரு சுற்றறிக்கை போட்டு இந்தக் குறிகளை விளக்க வேண்டியிருந்தது. எஸ்பி003 என்றால் ஜிஎஸ்டி எண் பொருந்தவில்லை. எஸ்பி005 என்றால் இன்வாய்ஸ் எண் பொருந்தவில்லை. எஸ்பி002 என்றால் கப்பல் புறப்பாட்டுப் பட்டியல் தாக்கலாகவில்லை. இதையெல்லாம் படித்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். கணினி பழுதானதால் நின்ற பணம் கொஞ்சம்தான். ஒரே விஷயத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு பெயர் வைத்ததால் நின்றதுதான் அதிகம்.

சரி, தவறுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எந்த மென்பொருள் இணைப்புக்கும் இவை பொருந்தும்.

1. ஒரே சொல், இரண்டு பொருள்

'இன்வாய்ஸ்' என்றால் என்ன? கணக்குப் பிரிவைக் கேட்டால் டாலியில் போட்ட வரி இன்வாய்ஸ் என்பார்கள். ஏற்றுமதிப் பிரிவைக் கேட்டால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு டாலரில் அடித்துக் கொடுத்த இன்வாய்ஸ் என்பார்கள். சுங்கத் தரகரிடம், அதாவது துறைமுக வட்டாரத்தில் எல்லோரும் சிஎச்ஏ என்று சொல்கிறவரிடம், போனது இரண்டாவது தாள். ஜிஎஸ்டி தளத்தில் ஏறியது முதல் தாள். இரண்டுக்கும் வேறு வேறு எண்.

இத்தனை வருடமாக அது யாருக்கும் தொல்லை தரவில்லை. ஏனென்றால் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் அவசியம் வரவில்லை. கணினிகளை இணைத்த அன்றுதான் முதல் முறையாக இரண்டும் எதிரெதிரே நின்றன. இணைப்பு வேலை பிரச்சினையை உண்டாக்கவில்லை. பல வருடங்களாகக் கம்பெனிக்குள் இருந்ததை வெளியே காட்டியது.

2. கோடும் சுழியமும்

ஜிஎஸ்டி விதி 46-ன்படி இன்வாய்ஸ் எண்ணில் 16 எழுத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எழுத்து, எண், சிறு கோடு, சாய்வுக்கோடு மட்டும் வரலாம். மனிதக் கண்ணுக்கு '045/17-18' என்பதும் '45/17-18' என்பதும் ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு.

நடுவில் எக்செல் வந்துவிட்டால் இன்னும் மோசம். '0045' என்று அடித்தால் முன்னால் இருக்கிற இரண்டு சுழியத்தையும் தின்றுவிடும். '12-1' என்று அடித்தால் அதைத் தேதி என்று நினைத்துக்கொண்டு மாற்றிவிடும். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 'மார்ச்1', 'செப்ட்1' மாதிரிப் பெயருள்ள மனித மரபணுக்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றிக்கொண்டார்கள் விஞ்ஞானிகள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் அக்கவுண்டன்ட் எம்மாத்திரம்?

இதற்கு நேர் எதிரான நல்ல உதாரணம் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்கிற ட்ரெய்லர்களின் மேலேயே இருக்கிறது. கன்டெய்னரின் பக்கவாட்டில் நான்கு எழுத்து, ஆறு எண், கடைசியில் கட்டம் கட்டி ஓர் எண் இருக்கும். அந்தக் கடைசி எண் முன்னால் இருக்கிற பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. ஓர் எழுத்தை மாற்றி அடித்தால் பெரும்பாலும் கணக்கு இடிக்கும். தவறு அங்கேயே தெரிந்துவிடும். ஜிஎஸ்டி எண்ணின் பதினைந்தாவது எழுத்தும் இப்படிப்பட்ட சரிபார்ப்பு எழுத்துதான். இன்வாய்ஸ் எண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் அதில் இவ்வளவு தவறு.

3. பழைய பட்டியல்

ஒவ்வொரு மென்பொருளிலும் மாறாத விவரங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கும். 'மாஸ்டர்' என்பார்கள். சென்னைக் கடல் துறைமுகத்தின் சுங்கக் குறியீடு ஐஎன்எம்ஏஏ1. சென்னை விமானச் சரக்கு நிலையத்தின் குறியீடு ஐஎன்எம்ஏஏ4. கடைசி எண் மட்டும்தான் வித்தியாசம். எண்ணூருக்குத் தனி, காட்டுப்பள்ளிக்குத் தனி, தண்டையார்பேட்டை உள்நாட்டுக் கன்டெய்னர் கிடங்குக்குத் தனி. நெரிசலைப் பார்த்து சரக்கைக் காட்டுப்பள்ளிக்குத் திருப்பிவிட்டு, கணக்கு மென்பொருளில் பழைய குறியீட்டையே விட்டுவைத்தால் இரண்டு கணினியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளாது.

வங்கிக் கணக்கும் அப்படித்தான். ஏற்றுமதியாளர் வங்கியை மாற்றுகிறார். ஜிஎஸ்டி தளத்தில் புதுக் கணக்கைக் கொடுத்துவிடுகிறார். ஆனால் இந்தப் பணம் போவது சுங்கத்துறையில் பதிவாகியிருக்கும் கணக்குக்கு. எந்த விவரத்துக்கு எந்த இடம் மூலம் என்று கம்பெனிக்குள் யாராவது ஒருவர் எழுதி வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் அது ஒருவருடைய ஞாபகத்தில்தான் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போனால் ஞாபகமும் கூடவே போய்விடும்.

4. எந்த மதிப்பு? எந்த விகிதம்?

ஷிப்பிங் பில்லில் கப்பலில் ஏற்றும் வரைக்குமான மதிப்பு இருக்கும். வாடிக்கையாளருக்கான இன்வாய்ஸில் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்திருக்கலாம். டாலரை ரூபாயாக்க சுங்கத்துறை தன் விகிதத்தை அறிவிக்கும். வரி இன்வாய்ஸுக்கும் அதுதான் விதி. கணக்கு மென்பொருளிலோ வங்கி கொடுத்த விகிதம் ஏறியிருக்கும். இரண்டு தொகையும் பொருந்தாவிட்டால் குறைவானதுதான் கைக்கு வரும்.

இதைவிட வேடிக்கையான தவறு ஒன்று பரவலாக நடந்தது. மாதாந்திரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி-யில் 3.1(ஏ) என்ற கட்டம் உள்நாட்டு விற்பனைக்கு, 3.1(பி) ஏற்றுமதிக்கு. பலர் ஏற்றுமதி வரியை முதல் கட்டத்தில் போட்டுவிட்டார்கள். கட்டிய தொகை சரி. அரசுக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் இரண்டாவது கட்டம் காலியாக இருந்ததால் ஜிஎஸ்டி அமைப்பு அந்த விவரத்தைச் சுங்கத்துறைக்கு அனுப்பவே இல்லை. சுங்கத்துறையைக் கேட்டால் 'எங்களுக்கு ஒன்றும் வரவில்லை' என்பார்கள். அவர்கள் சொன்னது உண்மை.

5. மூன்றாவது ஆளின் கையில் உங்கள் பணம்

இன்வாய்ஸ் சரி, குறியீடு சரி, வரி சரி. அப்படியும் பணம் வராமல் போகலாம். கப்பல் புறப்பட்ட பிறகு தாக்கலாக வேண்டிய பட்டியலை ஏற்றுமதியாளர் தாக்கல் செய்வதில்லை. கப்பல் தரப்பு செய்கிறது. உள்நாட்டுக் கிடங்கிலிருந்து வந்த சரக்கு என்றால், துறைமுகத்தில் தாக்கலான பட்டியலும் கிடங்கின் விவரமும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க வேண்டும். அதில் கன்டெய்னர் எண்ணோ பெட்டிகளின் எண்ணிக்கையோ தவறிவிட்டால் திருத்த வேண்டியவர் வேறு ஒருவர். அவருக்கு இதில் பத்துப் பைசா நஷ்டம் இல்லை. நஷ்டப்படுகிறவருக்கோ திருத்தும் அதிகாரம் இல்லை.

இணைப்புத் திட்டம் போடுகிறவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். படத்தில் இரண்டு கட்டம் வரைந்து நடுவில் ஓர் அம்புக்குறி போடுவார்கள். அந்த அம்புக்குறி யாருடைய பொறுப்பு? இந்தப் பக்கத்து மென்பொருள் விற்றவர் 'எங்களிடமிருந்து போய்விட்டது' என்பார். அந்தப் பக்கத்துக்காரர் 'எங்களுக்கு வரவில்லை' என்பார்.

6. இரண்டு முறை அனுப்புவது

இது புதிய காலத்துத் தவறு. மின்னணு இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபர் 1-ல் ஆண்டு விற்பனை 500 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்குத் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் வந்துவிட்டது. இன்வாய்ஸ் போட்டவுடன் அரசுப் பதிவுத் தளத்துக்கு அனுப்பி 64 எழுத்துள்ள ஓர் அடையாள எண்ணை வாங்க வேண்டும்.

நெட் மெதுவாக இருக்கிறது. அனுப்பியாயிற்று, பதில் வரவில்லை. கம்பெனி மென்பொருள் தோல்வி என்று குறித்துக்கொள்கிறது. அங்கே பதிவாகிவிட்டது. மறுபடி அனுப்பினால் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று திருப்பிவிடும். நல்லவேளை, அந்த அடையாள எண் விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகியவற்றிலிருந்து உருவாவதால் ஒரே இன்வாய்ஸுக்கு இரண்டு எண் கிடைக்காது. எல்லா அமைப்பும் இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்காது. ஒரே ஆர்டர் இரண்டு முறை போனால் இரண்டு முறை சரக்கு அனுப்புகிற மென்பொருள்களும் உண்டு.

ரத்து செய்வதிலும் கவனம் வேண்டும். அரசுத் தளத்தில் ரத்து செய்ய 24 மணி நேரம்தான். கம்பெனி மென்பொருளில் அழித்துவிட்டு அங்கே அழிக்காமல் விட்டால், ஒரு பக்கம் இல்லாத இன்வாய்ஸ் மறுபக்கம் உயிரோடு இருக்கும்.

7. கதவைத் திறந்து வைப்பது

இணைப்பு என்றால் கதவு. நல்லது வருகிற வழியில் கெட்டதும் வரும். 2017 ஜூன் 27-ல், ஜிஎஸ்டி வருவதற்குச் சில நாள் முன்பு, உக்ரைனில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் புதுப்பிப்போடு சேர்ந்து 'நாட்பெட்யா' பரவியது. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் முடங்கியது. மும்பைக்கு எதிரே இருக்கிற ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் நின்றது. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் திரும்ப நிறுவ வேண்டியிருந்ததாக அதன் தலைவரே 2018-ல் சொன்னார். உக்ரைனில் வரிக் கணக்குப் போடுகிற ஒரு மென்பொருளால் மும்பைத் துறைமுகத்தில் லாரி நின்றது. இணைக்கிறபோது வசதியை மட்டும் எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை.

8. அவசரம்

அமெரிக்காவின் ஹெர்ஷீஸ் சாக்லேட் கம்பெனி 1999-ல் மூன்று பெரிய மென்பொருள்களை ஒரே நேரத்தில் இணைத்து, ஹாலோவீன் விற்பனைக்குச் சற்று முன்பு ஓட விட்டது. கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியவில்லை. தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு தி.நகர் ஜவுளிக்கடை ஒன்று பில் போடும் முறையை மாற்றினால் எப்படி இருக்கும்? அதேதான். ஜெர்மனியின் லிடில் கடை வேறு விதமாக மாட்டிக்கொண்டது. இருப்பை விற்பனை விலையில் மதிப்பிடும் மென்பொருளை வாங்கி, தங்கள் பழக்கப்படி கொள்முதல் விலைக்கு மாற்றித் தரச் சொன்னார்கள். ஏழு வருடமும் சுமார் 50 கோடி யூரோவும் செலவழித்துவிட்டு 2018-ல் கைவிட்டார்கள்.

பிறகு எப்படித் தீர்ந்தது?

ஏற்றுமதியாளர்களின் பணம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. 2018 பிப்ரவரியில் சுங்க வாரியம் ஒரு மாற்று வழி சொன்னது. எந்த ஜிஎஸ்டி இன்வாய்ஸுக்கு எந்த ஏற்றுமதி இன்வாய்ஸ் என்று ஏற்றுமதியாளர் ஓர் ஒப்பீட்டு அட்டவணை போட்டுக் கொடுக்க வேண்டும். அதிகாரி அதைப் பார்த்து, கணினியில் கையாலேயே சரிசெய்து பணத்தை விடுவிப்பார். 2018 மார்ச் 15 முதல் 29 வரை இதற்கென்று இரண்டு வாரச் சிறப்பு முகாம். மே கடைசியில் மறுபடி ஒன்று. மனிதர் கையே படக் கூடாது என்று கட்டிய அமைப்பு, கடைசியில் தாளும் கையுமாக உட்கார்ந்த மனிதர்களால்தான் நகர்ந்தது.

அந்த அட்டவணையை மறுபடி யோசித்துப் பாருங்கள். இடது பக்கம் ஒரு எண், வலது பக்கம் ஒரு எண். 'இவர்கள் இதை இப்படிச் சொல்கிறார்கள், அவர்கள் அதையே அப்படிச் சொல்கிறார்கள்.' அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. இணைப்பு வேலை தொடங்குவதற்கு முன்பே ஒரு மதியப் பொழுதில் உட்கார்ந்து போட்டிருக்க வேண்டிய அட்டவணை அது. பணம் முடங்கிப் பல மாதம் கழித்துப் போட்டார்கள்.

ஆகவே நாளை ஏதாவது ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவிலோ மென்பொருள் பிரிவிலோ சேரப் போகிறவர்கள் நான்கு விஷயங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். முதலில், இரண்டு பக்கமும் என்னென்ன பெயரில் எதை அழைக்கிறார்கள் என்று ஓர் அட்டவணை. இரண்டாவது, ஒவ்வொரு விவரத்துக்கும் எது மூலம் என்ற முடிவு. மூன்றாவது, தோல்விக் குறிகளைத் தினமும் காலையில் பார்க்க ஒரு ஆள். அவருக்கு அடுத்த பக்கத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். நான்காவது, முழுவதையும் திருப்பிவிடுவதற்கு முன்னால் உண்மையான இன்வாய்ஸ் ஒன்றை அனுப்பி, பணம் வங்கிக்கு வந்து சேரும் வரை தொடர்ந்து பார்ப்பது. 'வெற்றிகரமாக அனுப்பப்பட்டது' என்று திரையில் வந்தால் வேலை பாதிதான் முடிந்தது.

தென்னிந்தியாவின் பெரும்பாலான மீட்டர் பாதைகளை அகலமாக்கிவிட்டார்கள். இன்று மூட்டையை நடுவில் இறக்கி ஏற்ற வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. 1992-ல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. மென்பொருள்களுக்கு அப்படி ஒரே அளவு பாதை வர எவ்வளவு காலம் ஆகுமோ தெரியாது. அதுவரை மூட்டையை இறக்கி ஏற்றுகிற இடத்தில் எண்ணிப் பார்க்க ஒரு ஆள் நிற்கத்தான் வேண்டும்.